பெற்றோர் தரப்பில் ஒருத்தி

அந்தத் தெருவில் துணி காயப்போடுகிறவர்கள் முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்ப்பார்கள். தெருக்கோடியில் கல் பட்டறை. பாறையைப் பலகை பலகையாக அறுத்து, ஓரம் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கி லாரியில் ஏற்றும் இடம். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் காய்ந்த துணியை மறுபடி துவைக்க வேண்டியதுதான். இலை, ஜன்னல் கம்பி, சைக்கிள் சீட்டு எல்லாவற்றின் மேலும் மெல்லிய வெள்ளைப் பொடி படிந்திருக்கும். பொடி என்றால் அங்கே அதுதான்.

பட்டறையில் பெரிய ரம்பத்தை ஓட்டியவரை எல்லோரும் மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். ஒரே மகள், மூணாங்கிளாஸ். எலும்பும் தோலுமாக, வயதுக்கு உயரம் போதாமல் இருப்பாள் என்பதால் அவளுக்கு அவர் வைத்த பெயரும் பொடிதான். மூச்சு முட்ட ஆரம்பித்து வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு, பார்க்க வருகிறவர்களிடம் மகளை இழுத்து முன்னால் நிறுத்தி, "என் நெஞ்சுல இருக்குற பொடியிலேயே இது ஒண்ணுதான் நல்ல பொடி" என்பார். சிரிக்கப் பார்ப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

ரம்பத்துக்கு மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் கல் தூசி பறக்காது, சேறாகக் கீழே வழிந்துவிடும். ஆனால் கோடையில் தண்ணீர் வராது. லாரி காத்து நிற்கும். வறண்ட கல்லையே அறுப்பார்கள். முகத்தில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு அறுத்துவிட்டு வெளியே வரும்போது புருவம், இமை, காது மடல் முடி எல்லாம் வெளுத்து, முப்பத்தைந்து வயசு ஆட்கள் எழுபது வயசுக் கிழவர்கள் மாதிரி நடந்து வருவார்கள். தலையில் தண்ணீர் ஊற்றினால் மாவு பிசைந்த மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்படி எத்தனையோ கோடை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் முழுக்கக் கல் தூசி ஏறி இறுகிவிட்டது, இனி ஏதும் செய்வதற்கில்லை, இந்த மழைக்காலம் தாண்டினால் பெரிய விஷயம் என்று சொல்லிவிட்டார்.

இதைக் கேட்டது இரண்டு பேர். ஒருத்தி மேஸ்திரியின் மனைவி. சட்டை தைக்கிற ஃபேக்டரியில் இஸ்திரிப் பிரிவில் வேலை; தெருவில் இஸ்திரிக்காரி என்றால்தான் தெரியும். இன்னொருத்தி மேஸ்திரியின் அக்கா. அதே ஆஸ்பத்திரியில் வார்டு ஆயாவாக இருந்தவள். தம்பி படுத்ததும் தன் துணிமணிகளோடு இங்கேயே வந்துவிட்டாள்.

"யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று ஆயா அன்றைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துச் சொல்லிவிட்டாள். "முக்கியமா அவன்கிட்ட. நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். சொன்ன அன்னைக்கே பாதி உசுரு போயிடும். மீதிதான் மெதுவா போகும்."

"பாப்பாகிட்ட என்ன அண்ணி சொல்றது?"

"நெஞ்சுச் சளின்னு சொல்லு. மழை விட்டா சரியாயிடும்னு சொல்லு."

"அப்புறம்?"

"அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூர ஊருக்குப் போயிருக்காருன்னு சொல்லலாம். சின்னப் புள்ளை. நாளாக ஆக மறந்துடும்."

இஸ்திரிக்காரிக்கு அதில் முழுச் சம்மதமும் இல்லை, மறுத்துப் பேசத் தெம்பும் இல்லை. சளி என்றுதான் சொன்னாள்.

இந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்துக்குப் புதுப் புத்தகங்கள் வாங்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. பாடப்புத்தகம் இல்லை, கதைப் புத்தகம். வகுப்பில் ஒரு அலமாரியில் வைத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க. அவற்றைத் தேர்ந்தெடுக்கத் தலைமையாசிரியர், ஒரு டீச்சர், பெற்றோர் தரப்பில் ஒருவர் என மூன்று பேர் உட்கார வேண்டுமாம். பெற்றோர் யாரும் அகப்படவில்லை. பாதிப் பேருக்குப் பட்டறை, மீதிப் பேருக்குச் சட்டை ஃபேக்டரி. கதைப் புத்தகம் பார்க்க யார் அரை நாள் வேலையை விடுவார்கள்?

"நீ வாம்மா" என்று பொடி பிடித்துக்கொண்டாள். "யாருமே வரலைன்னு டீச்சர் சொன்னாங்க. எங்கம்மாவுக்குப் படிக்கத் தெரியும்னு நான் சொல்லிட்டேன்."

"எழுத்துக் கூட்டித்தாண்டி படிப்பேன். அது படிக்கத் தெரியறதா?"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மேஸ்திரி, "போயிட்டு வா" என்றார். "நம்ம வீட்லேருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டு உட்காரவெச்சு அபிப்பிராயம் கேக்குறாங்க. இதுக்கு முன்னாடி எவன் கேட்டான்?"

காலை ஷிப்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்கும் என்று கணக்குப் பண்ணிப் போனாள். தலைமையாசிரியர் அறையில் மேஜை முழுக்கப் புத்தகங்கள் பரப்பியிருந்தன. புதுக் காகித வாசனை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முன்னங்கையிலிருந்த ஆவிச் சூட்டுத் தழும்புகள் தெரியாமல் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

தலைமையாசிரியர் கெட்ட மனிதர் இல்லை. கூரை ஒழுகுவதும் கக்கூஸ் அடைத்துக்கொள்வதும் அவர் தலையில்தான் விடியும். புத்தகம் விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை இருந்தது.

"நல்ல கருத்து இருக்கணும். கடைசிப் பக்கத்துல எல்லாரும் திருந்திடணும். இதோ பாருங்க, பல்லு விளக்காத முயல். பல்லு வலி வருது, அழுவுது, விளக்குது. எவ்ளோ அழகா முடிச்சிருக்கான்!"

"ஒரு தடவை படிச்சா எனக்கே பல்லு விளக்கப் பிடிக்காது சார்" என்றாள் மூணாங்கிளாஸ் டீச்சர்.

"உங்களுக்கு எல்லாமே கிண்டல்."

"கிண்டல் இல்ல சார். புள்ளைங்களுக்குப் புத்தி சொல்ல வீட்ல ஆள் இருக்கு, நாம இருக்கோம், ரோட்ல போறவங்ககூட சொல்றாங்க. புக்கும் சொல்லணுமா? கையில எடுத்தா கீழ வைக்க மனசு வரக்கூடாது. எனக்கு அது போதும்."

அவர் முயலை ஒரு பக்கம் வைத்தார். டீச்சர் அதை எடுத்து இன்னொரு பக்கம் வைத்தாள். பிறகு இரண்டு பேரும் இஸ்திரிக்காரியைப் பார்த்தார்கள்.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றாள் டீச்சர். "எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

அவளுக்குச் சட்டைதான் தெரியும். சட்டையைப் பார்க்கிற மாதிரியே பார்த்தாள். ஒரு புத்தகத்தைத் திருப்பி முதுகை விரலால் தடவினாள். நடுவில் விரித்துத் தையலா, வெறும் பசையா என்று பார்த்தாள். பசை மட்டும் போட்டவற்றைத் தள்ளி வைத்தாள். எழுத்து பொடிப் பொடியாக இருந்தவற்றையும் தள்ளினாள். டீச்சர் ஒவ்வொன்றாக நகர்த்திக் கொடுக்கக் கொடுக்க அவளுக்கும் கூச்சம் கொஞ்சம் விட்டுப்போனது. குடை திருடிய குரங்கைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்புறம் ஒரு கழுதைக் கதை. அட்டையில் மரத்தடியில் ஒரு கிழட்டுக் கழுதை படுத்திருந்தது. அதன் காது மேல் ஒரு குருவி. எழுத்து பெரிது, தையலும் கெட்டி. எழுத்துக் கூட்டிப் படித்தாள். கழுதைக்கு வயதாகிவிட்டது, எங்கேயும் போக முடியவில்லை. குருவி ஊரெல்லாம் பறந்து வந்து கழுதைக்குச் சேதி சொல்கிறது. சந்தையில் பூசணிக்காய் உருண்டோடியது ஒரு பக்கம். பாலத்தில் மாடு மறியல் செய்தது ஒரு பக்கம். அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தன் வீட்டில் மாலையில் மகள் தெருச் சேதி எல்லாம் அப்பாவிடம் கொட்டுகிறது ஞாபகம் வந்தது. பாதியில் இருக்கும்போது ஃபேக்டரி சங்கு ஊதிவிட்டது. முதல் சங்கு. இரண்டாவது ஊதினால் கேட்டை அடைத்துவிடுவார்கள்.

"இது இருக்கட்டும் டீச்சர்" என்று எழுந்தாள்.

டீச்சர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தாள். மேஸ்திரியின் நிலைமை டீச்சருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் அவளுடைய மாமா பக்கத்துக் கட்டிலில் இருந்தார். "கடைசி வரைக்கும் பார்த்துட்டீங்களாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எழுத்துக் கூட்டிப் படித்ததால்தான் முடிக்கவில்லை என்று சொல்ல இஸ்திரிக்காரிக்கு வெட்கமாக இருந்தது. "பார்த்துட்டேன் டீச்சர்."

"இதையேதான் எடுக்கணுமா?"

"ஆமா. நல்லா இருக்கு."

டீச்சர் தலையை ஆட்டினாள். தலைமையாசிரியர் அட்டையைப் பார்த்துவிட்டு, "மிருகங்களிடத்தில் அன்பு. எடுத்துக்கலாம்" என்றார். இஸ்திரிக்காரி ஓடினாள்.

மழை ஆரம்பித்த பிறகு மேஸ்திரிக்குப் படுக்கவே முடியவில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. இரவும் பகலும் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, ஸ்டூல் மேல் தலையணை வைத்து அதில் கைகளை ஊன்றிக்கொண்டிருப்பார். ஒரு வாய் கஞ்சி, அப்புறம் இளைப்பாற வேண்டும், அப்புறம் இன்னொரு வாய். தோள் எலும்பு இரண்டும் பனியனுக்குள் சட்டை ஹேங்கர் மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். மூலையில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. மூக்குக் குழாயை ஆயாதான் மாட்டுவாள், கழற்றுவாள். இஸ்திரிக்காரி ஃபேக்டரியில் காலர், கை, முன்பக்கம், முதுகு என்று நின்றபடியே தேய்த்துவிட்டு வந்து, இங்கே அவர் முதுகைத் தேய்த்துவிடுவாள்.

மாலையில் பொடி அப்பா காலடியில் உட்கார்ந்து அலமாரியிலிருந்து கொண்டுவந்த புத்தகத்தை உரக்கப் படிப்பாள். அந்த நேரம் மட்டும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும். குடை திருடிய குரங்கை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். "அந்தக் குரங்கு அச்சு அசல் எங்க சூப்பர்வைசர்டீ" என்றார்.

ஒருநாள் கழுதைக் கதை வந்தது.

அடுப்பில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்த இஸ்திரிக்காரி, "அது நான் எடுத்த புக்கு" என்று அங்கிருந்தே பெருமையாகச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் ஆயா பக்கத்து வீட்டிலிருந்து வந்து வாசல் பக்கம் துணி மடிக்க உட்கார்ந்தாள். வெளியே மழை ஒரே சீராகப் பெய்தது.

பூசணிக்காய் உருண்டது. மாடு மறியல் செய்தது. மேஸ்திரி, "கழுதைக்கு முதலாளி எங்கடீ? உழைக்கிற வரைக்கும் உழைச்சுட்டுத் துரத்திட்டானா?" என்று கேட்டார். "அது புக்குல இல்லப்பா" என்றாள் பொடி. "புக்குல வராது" என்றார் அவர்.

பொடி பக்கத்தைத் திருப்பினாள். "'கழுதைக்குப் புல் தின்னவும் களைப்பாக இருந்தது. நாளைக்கு என்ன சேதி சொல்வாய் என்று கேட்டது. குருவி சொன்னது, நாளைக்கு ஆற்றைப் பற்றிச் சொல்கிறேன்.'"

கரண்டி நின்றது.

"'விடிந்தது. குருவி வந்தது. ஆற்றைப் பற்றி எல்லாம் சொன்னது. கழுதை காதை ஆட்டவில்லை.'"

"பாப்பா, போதும். கை கழுவிட்டு வா" என்றாள் இஸ்திரிக்காரி.

"இன்னும் ரெண்டு பக்கம்தாம்மா."

"போதும்னு சொல்றேன்ல!"

"படிக்கட்டும்" என்றார் மேஸ்திரி. குரல் பெரிதாக இல்லை. ஆனால் ரம்பம் ஓட்டிய காலத்தில் ஆட்களிடம் பேசிய குரல் அது.

பொடி அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படித்தாள். "'கழுதை தூங்குவது போலவே இருந்தது. முகம் அமைதியாக இருந்தது. ஆனால் அது தூக்கம் இல்லை. கழுதை செத்துப்போயிருந்தது. குருவி அன்று முழுவதும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.'"

அவ்வளவுதான் கதை. அடுப்பில் கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது.

பொடி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவின் தோள் எலும்புகளைப் பார்த்தாள், தலையணையைப் பார்த்தாள், மூலையில் சிலிண்டரைப் பார்த்தாள்.

"அப்பா, உங்களுக்குச் சளி இல்லதானே?"

ஆயா பாய்ந்து வந்து புத்தகத்தைப் பிடுங்கினாள். குழந்தை முதுகில் ஓர் அடி விழுந்தது. "வாயைக் கழுவு! வெளக்கு வெக்கிற நேரத்துல என்ன பேச்சு பேசுது பாரு! எவ குடுத்தா இதை உனக்கு?"

"அக்கா, விடு" என்றார் மேஸ்திரி. அதற்கு மேல் பேச மூச்சு இல்லை. மகளை நோக்கிக் கையை மட்டும் நீட்டினார். அவள் அதற்குள் கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள்.

மறுநாள் காலையில் ஆயா புத்தகத்தை இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டாள். இஸ்திரிக்காரி தடுக்க முடியாமல் பின்னாலேயே போனாள். வழி நெடுக வெள்ளைச் சேறு. "அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க" என்று இரண்டு தடவை ஆரம்பித்தாள். ஆயா காதில் வாங்கவில்லை.

தலைமையாசிரியர் மேஜை மேல் புத்தகம் வந்து விழுந்தது.

"எங்க வீட்ல ஒரு மனுஷன் மூச்சுக்கு அல்லாடிக்கிட்டு இருக்கான். அவன் முன்னாடி உக்காந்து செத்துப்போச்சு செத்துப்போச்சுன்னு படிக்கிறா புள்ளை! சின்னப் புள்ளைங்களுக்கு இதைத்தான் குடுப்பீங்களா? பூ இல்லையா, பட்டாம்பூச்சி இல்லையா? எந்த மகராசி தேடிப் பிடிச்சு எடுத்தா இதை?"

சத்தம் கேட்டுப் பக்கத்து வகுப்பிலிருந்து வந்த டீச்சர் கதவருகே நின்றாள். தலைமையாசிரியர் புத்தகத்தைப் புரட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். முகம் மாறியது. அவரும் கடைசிப் பக்கத்தை இப்போதுதான் படிக்கிறார். அன்றைக்கு மேஜை நிறைய இருந்ததில் எதை யார் எடுத்தார்கள் என்பது அவருக்கு ஞாபகம் இல்லை.

"இதை யார் எடுத்தது?"

இஸ்திரிக்காரி நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தாள். பக்கத்தில் நாத்தனார் பத்ரகாளி மாதிரி நின்றுகொண்டிருந்தாள். இதைச் சொல்லிவிட்டு அந்த ஒற்றை அறையில் அவளோடு எப்படி இருப்பது? அவள் இல்லாவிட்டால் பகலில் அவருக்குக் குழாய் மாட்டுவது யார்?

டீச்சர் அவளை ஒரு கணம் பார்த்தாள். "நான்தான் சார்" என்றாள்.

"கடைசியில என்ன வருதுன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

"நல்லா இருக்கு டீச்சர், ரொம்ப நல்லா இருக்கு" என்றார் தலைமையாசிரியர். "இனிமே அலமாரிச் சாவி டிரில் மாஸ்டர்கிட்ட இருக்கட்டும். புக்கு விஷயத்துல நீங்க தலையிட வேணாம்." கழுதை அவருடைய மேஜை இழுப்பறைக்குள் போயிற்று.

வெளியே வரும்போது டீச்சர் இஸ்திரிக்காரியின் கையைத் தொட்டு, "பரவால்லம்மா, எனக்குப் புரியுது" என்று மட்டும் சொன்னாள். என்ன புரிந்தது என்று இஸ்திரிக்காரிக்கு அப்போது விளங்கவில்லை. அன்றைக்கு ஃபேக்டரியில் ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டியை அப்படியே வைத்துவிட்டுப் புகை வரும்வரை நின்றாள்.

அந்த வாரத்தில் ஒருநாள் ஆயா கடைக்குப் போன நேரம் மேஸ்திரி அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் நின்று நின்று பேசினார்.

"பொடிகிட்ட நான் பேசிட்டேன்."

"என்னன்னு?"

"நேத்து நீ வேலைக்குப் போனப்புறம். ஆமாடீ, சளி இல்ல, அப்பா செத்துப்போயிடுவேன்னு சொன்னேன். அழுதா. ரொம்ப அழுதா. அப்புறம் எப்போன்னு கேட்டா. தெரியாதுன்னேன். அப்புறம் பசிக்குதுன்னா."

இஸ்திரிக்காரி முகத்தை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னா?"

"என் கூட வேலை செஞ்சவன் எத்தனை பேர் போயிட்டான். எனக்கு மட்டும் சளி வருமா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அக்கா மனசு நோகக்கூடாதுன்னு சும்மா இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னும் தெரியல. நீதான் வழி பண்ணின."

"நானா?"

"உன் வாயால சொல்ல முடியல. அதான் அந்தப் புக்கை எடுத்துக் குடுத்து அனுப்பினே." அவள் தலையில் கை வைத்தார். நகங்கள் நீலமாக இருந்தன. "பெரிய தைரியம். எனக்கு வரல அது. பொடிகிட்டயும் சொன்னேன், உங்கம்மா எடுத்த புக்குடி அதுன்னு."

இல்லைங்க, நான் பாதிதான் படிச்சேன் என்ற வார்த்தை அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. அந்த முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளைப் பெரிதாகப் பாராட்டியது கிடையாது. பேசாமல் இருந்துவிட்டாள்.

பலத்த மழையால் பள்ளிக்கூடத்தை மத்தியானமே விட்டுவிட்ட ஒருநாள் அவர் இறந்தார். பொடி நனைந்த பையோடு உள்ளே வரும்போதே அது தொடங்கியிருந்தது. அவர் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தார். "காத்து, காத்து" என்றார். ஆயா குழாயை மாட்ட மாட்ட அதைப் பிய்த்து எறிந்தார். ஸ்டூல் உருண்டது. ஆளனுப்பியதில் ஃபேக்டரியிலிருந்து ஓடிவந்த இஸ்திரிக்காரி பிடிக்கப் போனபோது அவளை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார். கெட்ட வார்த்தை சொன்னார். பட்டறையைச் சொன்னாரா, கடவுளைச் சொன்னாரா, அவளைத்தானா, தெரியவில்லை. கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போலிருந்தது. தண்ணீரிலிருந்து எடுத்துப் போட்ட மீன் மாதிரி வாய் திறந்து திறந்து மூடியது. வேட்டி நனைந்தது. "புள்ளையை வெளிய கூட்டிட்டுப் போங்க யாராவது" என்று ஆயா கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இழுத்தும் பொடி கதவு நிலையை விடவில்லை. எல்லாம் அடங்க வெகுநேரம் ஆனது.

அடங்கிய பிறகும் வாய் மூடவில்லை. ஆயாதான் துணியை மடித்துத் தாடையைக் கட்டினாள். அவளுக்குப் பழகிய வேலை. "என் தம்பிக்கு நானே கட்டுறேனே" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள்.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, பொடியைப் பள்ளிக்கூடத்தில் விட இஸ்திரிக்காரியே கூட்டிக்கொண்டு போனாள். மழை விட்டிருந்தது. பட்டறையில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இடத்தில் இன்னொருவர்.

டீச்சர் கேட்டருகிலேயே அவர்களைப் பார்த்துவிட்டு வந்தாள். பொடிக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்து, அவள் தலையைத் தடவினாள். பொடி தலையை நகர்த்திக்கொண்டாள்.

"டீச்சர், அந்தக் கழுதைப் புக்கு பொய்."

"எதும்மா பொய்?"

"தூங்குற மாதிரின்னு போட்டிருந்துச்சு. முகம் அமைதியா இருந்துச்சுன்னு. எங்கப்பா தூங்குற மாதிரி இல்ல. அப்படி இருக்கும்னு நெனச்சுத்தான் நான் பக்கத்துல உட்காரலாம்னு இருந்தேன். என்னால உட்கார முடியல. கதவுகிட்டயே நின்னுட்டேன்."

"ஆமா பாப்பா" என்றாள் டீச்சர். "அது பொய்தான். எழுதினவங்களுக்கு அந்த இடத்துல தைரியம் வரல போல."

"நீங்க பார்த்துதானே எடுக்கணும்?"

"டீச்சர் எடுக்கல பாப்பா" என்றாள் இஸ்திரிக்காரி. "நான் எடுத்தேன்."

"தெரியும். அப்பா சொன்னாரு."

"அப்பாவுக்கும் தெரியாதுடா." அவள் மகள் பக்கம் குனிந்தாள். "நான் பாதிதான் படிச்சேன். குருவி சேதி சொல்ற வரைக்கும். கழுதை சாகும்னு எனக்குத் தெரியாது. சங்கு ஊதிடுச்சு, படிச்சுட்டேன்னு பொய் சொல்லிட்டு ஓடிட்டேன்."

டீச்சர் மெல்ல எழுந்து நின்றாள். "நீங்க தெரிஞ்சுதான் எடுக்குறீங்கன்னு நெனச்சேம்மா. அதனாலதான் ரெண்டு தடவை கேட்டேன். நீங்க முழுசாப் படிக்கலைன்னு தெரிஞ்சிருந்தா நானே எடுத்து ஓரமா வெச்சிருப்பேனே." பொடியைப் பார்த்துவிட்டு, "நீங்க தைரியமா எடுத்ததா நெனச்சுத்தான் அன்னைக்கு நான்தான்னு சொன்னேன்" என்றாள். கோபமா, வருத்தமா, அந்த முகத்தில் படிக்க முடியவில்லை.

"வாங்க டீச்சர், சார்கிட்ட இப்பவே சொல்லிடுறேன்."

மூன்று பேரும் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்கள். அவர் கொத்தனாரோடு கூரை ஒழுக்கு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இஸ்திரிக்காரி நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிம்மா. உங்க கஷ்டத்துல இதெல்லாம் எதுக்குப் போட்டு அலட்டிக்கிறீங்க? அந்தப் புக்கை அப்பவே கடைக்காரன்கிட்ட திருப்பி அனுப்பிட்டு முயலை வாங்கியாச்சு. அலமாரியும் இப்ப டிரில் மாஸ்டர்கிட்ட ஒழுங்கா இருக்கு. பூட்டித்தான் வெச்சிருக்காரு. ஒரு புக்குகூடக் கிழியல." கொத்தனார் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வராந்தாவிலிருந்து டீச்சர் வகுப்புக்குள் போய்விட்டாள். இஸ்திரிக்காரியும் மகளும் தூணருகே நின்றார்கள். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா."

"ம்?"

"கடைசி வரைக்கும் படிச்சிருந்தா நீ அதை எடுத்திருப்பியா?"

பொய் சொல்ல ஒரு நொடி போதும். அவளுக்கு அந்த நொடி நன்றாகத் தெரிந்தது.

"மாட்டேன்."

"அப்ப அப்பா என்கிட்ட சொல்லியிருக்க மாட்டாரு."

"சொல்லியிருக்க மாட்டாரு."

பொடி பையின் வாரை இழுத்துத் தோளில் சரிசெய்துகொண்டாள். ஃபேக்டரியின் முதல் சங்கு ஊதியது.

"சரி, நீ போம்மா. கேட்டை மூடிடுவாங்க" என்று சொல்லிவிட்டு அவள் வகுப்புக்குள் போனாள்.